தைராய்டு மாத்திரையின் பிராண்டு மாறினால் உடம்பும் மாறுமா? ஆறு வாரக் கணக்கும் ஒரு சின்ன நோட்டும்

"அந்த கம்பெனி ஸ்டாக் இல்லக்கா. இதுவும் அதே மருந்துதான், அதே 50. பேரு மட்டும்தான் வேற."

மெடிக்கல் ஷாப்பில் இப்படிச் சொல்லி வேறொரு பாட்டிலை நீட்டுவது புதிதல்ல. அவசரத்தில் வாங்கி வந்துவிடுகிறோம். புது மாத்திரை போடத் தொடங்கிய நான்காம் நாள் தலை கனக்கிறது. பத்தாம் நாள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. தலைக்குக் குளித்தால் கொத்துக் கொத்தாக முடி. 'மாத்திரை மாத்தினதுல இருந்துதான் இப்படி' என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் ஆபத்து. ஒருவர் மாத்திரையையே நிறுத்திவிடுகிறார். இன்னொருவர், 'பவர் பத்தல போல' என்று தானாகவே ஒன்றை ஒன்றரை ஆக்கிக்கொள்கிறார். மூன்றாமவர் டாக்டரிடம் போய்ச் சொல்கிறார்; ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "டி.எஸ்.ஹெச் நார்மலாத்தானேம்மா இருக்கு" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

மாத்திரைதான் காரணமா, வேறு ஏதாவதா? இந்த மூவரில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஏனென்றால், பாட்டில் மாறுவதற்கு முந்தைய வாரங்களில் உடம்பு எப்படி இருந்தது என்ற பதிவு யாரிடமும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாதபோது, புதிதாக வந்ததன் மீது பழி விழுவது இயல்புதான்.

இந்தப் பிரச்சினை ஒரு சிலருக்கானது அல்ல. சென்னை உட்பட நாட்டின் 8 நகரங்களில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு சுரப்பு குறைவாக இருப்பது தெரியவந்தது. அவர்களில் பலருக்கு இந்த மாத்திரை ஆயுள் முழுக்கத் துணை.

நான்காம் நாள் தலைவலி யாருடைய கணக்கு?

தைராய்டு சுரப்புக் குறைவுக்குத் தரப்படும் மருந்தின் பெயர் லெவோதைராக்சின். எல்ட்ராக்சின், தைரோநார்ம், தைராக்ஸ் என்று கடையில் எந்தப் பெயரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது இதுதான். நம் கழுத்தில் இருக்கும் சுரப்பி தயாரிக்கும் டி4 என்ற ஹார்மோனின் அதே வடிவம்.

இந்த ஹார்மோனுக்கு அவசரம் என்பதே கிடையாது. ரத்தத்தில் இருக்கும் டி4-ல் பாதி கழிவதற்கே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுரப்பியை ஆபரேஷனில் முழுமையாக எடுத்துவிட்ட ஒருவர் பாட்டில் மாற்றினால், நான்காம் நாள் அவர் ரத்தத்தில் ஓடும் ஹார்மோனில் மூன்றில் இரண்டு பங்கு பழைய பாட்டிலில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும். ஐந்து வாரம் கழிந்தால்தான் பழையது கிட்டத்தட்ட முழுமையாகக் கழிந்து, புதிய மாத்திரையின் அளவு நிலைக்கு வரும்.

டி.எஸ்.ஹெச் இன்னும் நிதானமான ஆள். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் போதுமா போதாதா என்று பார்த்துத்தான் இதை ஏற்றும், இறக்கும். ஹார்மோன் நிலைக்கு வந்த பிறகுதான் இதுவும் நிலைக்கு வரும். பிராண்டு மாறினாலோ டோஸ் மாறினாலோ ஆறு வாரம் கழித்து டெஸ்ட் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். பத்தாம் நாளே லேபுக்கு ஓடி எடுக்கும் ரிப்போர்ட்டில் பாதிக் கதை பழைய பாட்டிலுடையது. அதை வைத்து டோஸைக் கூட்டினால், குறைத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

முடி விஷயம் இன்னும் சுவாரசியம். தைராய்டு கோளாறோ, காய்ச்சலோ, பிரசவமோ, உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்தால் முடி உடனே கொட்டாது. பொதுவாக இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். ஆகவே, இந்த வாரம் சீப்பில் வரும் முடிக்கு இந்த வாரம் வாங்கிய பாட்டிலைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் என்ன நடந்தது என்றுதான் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் முதல் வாரத்தில் வரும் தொல்லைகள் எல்லாமே பிரமையா? இல்லை. மாத்திரையில் மருந்தைத் தவிர வேறு பொருட்களும் உண்டு. 50 மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் 20 ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைத் தனியாக எடுத்து வைத்தால் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். நாம் விழுங்கும் வில்லையில் கிட்டத்தட்ட எல்லாமே லாக்டோஸ், மாவுப்பொருள், சில பிராண்டுகளில் நிறமி போன்ற துணைப் பொருட்கள்தான். இவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவருக்கு வயிறு உப்பலாம். அரிதாகச் சிலருக்குத் தோலில் தடிப்பு வரலாம். இந்த மாதிரித் தொல்லைகள் சீக்கிரமே தெரியும். துணைப் பொருட்களைப் பொறுத்து மருந்து குடலில் உறிஞ்சப்படும் அளவிலும் சின்ன வித்தியாசம் வரலாம். சின்ன வித்தியாசம்கூட இந்த மருந்தில் கணக்கில் வரும் என்பதால்தான், காலாவதி தேதி வரை மாத்திரையில் மருந்தின் அளவு 95 முதல் 105 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-ல் விதியை இறுக்கியது.

பிரான்ஸைக் கலக்கிய வெள்ளை மாத்திரை

மாத்திரை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்திலேயே பெரிய உதாரணம் பிரான்ஸ். அங்கே ஏறக்குறைய 30 லட்சம் பேர் லெவோதைராக்ஸ் என்ற ஒரே பிராண்டை நம்பி இருந்தார்கள். மாத்திரையில் மருந்தின் அளவு இன்னும் நிலையாக இருக்க வேண்டும் என்று அந்நாட்டு மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2012-ல் கேட்டது. தயாரிப்பாளரான மெர்க் நிறுவனம் லாக்டோஸை எடுத்துவிட்டு மேனிட்டாலும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தது. மருந்தில் மாற்றம் இல்லை. 2017 மார்ச் கடைசியில் புதிய மாத்திரை கடைகளுக்கு வந்தது.

சில மாதங்களில் நாடே அல்லோலகல்லோலப்பட்டது. களைப்பு, தலைவலி, தலைச்சுற்றல், தூக்கமின்மை, முடி கொட்டுதல் என்று புகார்கள் குவிந்தன. பழைய மாத்திரையே வேண்டும் என்ற மனுவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நடிகை அனி துப்பெரே சுகாதார அமைச்சருக்குத் திறந்த மடல் எழுதினார். கடைசியில் பழைய கலவையை இறக்குமதி செய்து விற்க அரசு ஒப்புக்கொண்டது.

யார் சொன்னது சரி என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. பழையதும் புதியதும் சமம் என்று காட்ட 204 ஆரோக்கியமான ஆட்களிடம் நடத்திய சோதனையை நிறுவனம் முன்வைத்தது. அதே தரவை மறுபடி அலசிய ஆய்வாளர்கள் சிலர் 2019-ல் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: சராசரியில் இரண்டும் சமம்தான், ஆனால் தனித்தனி ஆளாகப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டும் சமமாக வரவில்லையே? இந்தக் கணக்குப் போடும் முறையே தவறு என்று மறுத்தவர்களும் உண்டு. அதே ஆண்டு 20 லட்சம் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்த அரசுத் தரப்பு ஆய்வில், தீவிர நோய்கள் கூடியதாகத் தெரியவில்லை.

நீதிமன்றம் பிடித்த விஷயம் வேறு. மாத்திரையில் மாற்றம் நடந்ததை நோயாளிகளுக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்பதற்காக, வழக்குப் போட்ட 3,300-க்கும் அதிகமானோருக்குத் தலா 1,000 யூரோ தர வேண்டும் என்று லியோன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. 2022-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இதற்குப் பத்து வருடம் முன்னால் நியூசிலாந்திலும் இதே கதை. 2007-ல் எல்ட்ராக்சின் தயாரிப்பு கனடாவில் இருந்து ஜெர்மனிக்கு மாறியது. மஞ்சள் மாத்திரை வெள்ளை ஆனது, துணைப் பொருட்கள் மாறின. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் இந்த மருந்து பற்றி வந்த பக்கவிளைவுப் புகார்கள் மொத்தம் 14. மாறிய பிறகு 18 மாதங்களில் 1,400-க்கும் மேல். பரிசோதித்துப் பார்த்தால் மருந்தின் அளவில் குறை ஏதும் இல்லை. செய்தித்தாளும் டிவியும் இதை அதிகம் பேசிய பகுதிகளில் இருந்துதான் புகார்களும் அதிகம் வந்தன என்று பின்னர் தெரிந்தது. இப்படிப்பட்ட செய்திகளைப் போடும் ஊடகங்கள் எல்லாம் ஒரு தடவை நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதலை உணரவைக்கும். மருத்துவத்தில் இதற்கு நோசிபோ என்று பெயர். 'எல்லாம் மனப்பிரமை' என்று இதற்கு அர்த்தம் இல்லை. தலைவலி நிஜமாகவே வலிக்கும், காரணம்தான் வேறு. ஆனால் நியூசிலாந்துக் கதையைக் கேட்டுவிட்டு, புகார் சொல்லும் எல்லோரையும் 'பயந்துட்டீங்க' என்று ஒதுக்குவதும் நியாயம் இல்லை. ஒரு லட்சம் பேரின் சராசரி நன்றாக இருக்கும்போதே அதில் ஒரு நூறு பேருக்கு நிஜமாகவே ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-ல் டாக்டர்களுக்குச் சொன்னதும் அதுதான். மாத்திரை மாறிய பிறகு தொல்லை என்று சொன்னால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், தொல்லை தொடர்ந்தால் அவருக்கு ஒத்துக்கொள்ளும் பிராண்டையே தொடர்ந்து எழுதிக்கொடுங்கள்.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஜெனரிக் லெவோதைராக்சின் சாப்பிடுபவர்களை வைத்து 2022-ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரு கம்பெனியில் இருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களில் 84.5 சதவீதம் பேருக்கும், மாறாதவர்களில் 82.7 சதவீதம் பேருக்கும் டி.எஸ்.ஹெச் சரியாக இருந்தது. அதாவது, பெரும்பாலானவர்களுக்குப் பாட்டில் மாறினால் ஒன்றும் ஆவதில்லை. அந்த நாட்டின் 95-105 விதிக்கு உட்பட்ட மாத்திரைகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாட்டிலுக்கு முன்னால் காபியைப் பாருங்கள்

நம் ஊர் வீடுகளில் டி.எஸ்.ஹெச் ஏறி இறங்குவதற்கு, பிராண்டைவிட காலை நேரத்துப் பழக்கங்கள் அதிகம் காரணமாக இருக்கலாம். மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இந்த விதியில் காபியும் டீயும் சேர்த்தி. 'காபிதானே, சாப்பாடு இல்லையே' என்று மாத்திரை போட்ட கையோடு ஃபில்டர் காபி குடிப்பவர்கள் ஏராளம். காபியோடு சேர்ந்தால் மருந்து உறிஞ்சப்படுவது குறைகிறது.

அதைவிடப் பெரிய வில்லன்கள் கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும். இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு மூட்டுவலிக்குக் கால்சியம், ரத்தசோகைக்கு இரும்புச்சத்து என்று இரண்டையும் எழுதிக்கொடுப்பது சகஜம். 'எல்லாத்தையும் ஒண்ணா போட்டா மறக்காது' என்று காலையிலேயே மொத்தமாக விழுங்கினால், தைராய்டு மருந்தில் ஒரு பகுதி குடலோடு போய்விடும். அசிடிட்டி மாத்திரை புதிதாகச் சேர்ந்தாலும் டி.எஸ்.ஹெச் மாறலாம். புது பாட்டில் வாங்கிய அதே வாரம் கால்சியமும் ஆரம்பித்திருந்தால், குற்றவாளி யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காலையில் அடுப்படி வேலைக்கு நடுவே இதெல்லாம் நடக்காது என்பவர்கள், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். நேரம் எதுவானாலும் தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும்.

பாட்டிலை வைக்கும் இடமும் முக்கியம். சூடு, ஈரம், வெளிச்சம் மூன்றுமே இந்த மருந்துக்கு ஆகாது. அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, ஜன்னல் விளிம்பு, பாத்ரூம் ஷெல்ஃப் வேண்டாம்.

வாங்கும்போது லேபிளைப் படிப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 2023-ல் அபாட் நிறுவனம் தைரோநார்ம் 25 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒரு பேட்சை மட்டும் சந்தையில் இருந்து திரும்பப் பெற்றது. 25 என்று லேபிள் ஒட்டிய பாட்டிலில் இருந்தது 88 மைக்ரோகிராம் மாத்திரை. இப்படி நடப்பது மிக அரிது. ஆனால் 25-க்கும் 125-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்காமல் நாமே வாங்கி வருவது அவ்வளவு அரிதல்ல.

நோட்டில் என்ன எழுதுவது?

புது பாட்டிலைத் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே எழுதத் தொடங்குவதுதான் இதில் முக்கியமான விஷயம். பழைய பாட்டிலில் 15 மாத்திரை மிச்சம் இருக்கும்போதே கடையில் கேட்டுவிட்டால், பழைய பிராண்டு கிடைக்குமா என்றும் தெரிந்துவிடும், கிடைக்காவிட்டால் ஒப்பிட இரண்டு வாரப் பதிவும் கிடைத்துவிடும்.

நிறைய எழுத வேண்டாம். மொபைலில் விதவிதமான ஆப்கள் இருபது, முப்பது அறிகுறிகளைக் கேட்கும். அத்தனையையும் தினமும் தேடினால் ஏதாவது ஒன்று இருக்கத்தான் செய்யும். நோய் கண்டுபிடிப்பதற்கு முன்னால் உங்களை அதிகம் படுத்திய மூன்று விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அது மலச்சிக்கல், இன்னொருவருக்குக் குளிர் தாங்காமை, வேறொருவருக்குப் பகல் தூக்கம். தினமும் ஒரே நேரத்தில் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுங்கள். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, வாரத்துக்கு ஒரு நாள் எடை, மாதவிடாய் தேதி. பாட்டில் மாறிய நாளில் பிராண்டு, மைக்ரோகிராம், பேட்ச் எண், காலாவதி தேதி. லேபிளை போட்டோ எடுத்து வைத்தாலே போதும்.

ஒரு நாள் பதிவு இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். மாத்திரை 5.40. காபி 6.45. தூக்கம் 4 மணி நேரம். நாடி 76. தெம்பு 4. மலச்சிக்கல் 2. குளிர் 3. நேத்து கல்யாண வீடு, வந்து படுக்க ஒரு மணி ஆயிடுச்சு."

கடைசி வரியைக் கவனியுங்கள். தெம்பு 4 ஆனதற்குக் காரணம் மாத்திரை இல்லை, கல்யாண வீடு. இந்த வரி இல்லாமல் ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அந்த 4 மாத்திரையின் கணக்கில் சேர்ந்துவிடும். பிள்ளைக்குப் பரீட்சை, நைட் ஷிஃப்ட், காய்ச்சல், வீட்டில் சண்டை என எதுவானாலும் நாலு வார்த்தையில் எழுதிவிடுங்கள்.

எழுதியதைத் தினமும் புரட்டிப் பார்க்க வேண்டாம். நேற்று 5 என்றால் இன்று கை தானாக 4 போடும். ஆறு வாரம் முடிந்ததும் வாரச் சராசரி எடுத்துப் பாருங்கள். பழைய பாட்டிலின் இரண்டு வாரமும் புதிய பாட்டிலின் ஐந்தாம், ஆறாம் வாரமும்தான் ஒப்பிட வேண்டியவை. நடுவில் இருப்பது கலப்புக் காலம்.

டெஸ்ட்டுக்குப் போகும்போது, முடிந்தவரை முன்பு எடுத்த அதே லேப், அதே காலை நேரம். டி.எஸ்.ஹெச் நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. இரவிலும் விடிகாலையிலும் அதிகமாகவும் மதியத்தில் குறைவாகவும் இருக்கும். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்ளலாம். முடி வளர என்று பயோட்டின் சாப்பிடுபவர்கள் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது ரத்தத்தில் இருக்கும்போது சில லேப் கருவிகள் தப்பான அளவைக் காட்டும்.

பிறகு டாக்டரிடம் அந்த ஒரு பக்கத்தைக் காட்டுங்கள். "என்னவோ மாதிரி இருக்கு டாக்டர்" என்பதற்கும், "பகல் தூக்கம் 3-ல இருந்து 7 ஆயிருக்கு, அஞ்சாவது வாரமும் குறையல, காபி, கால்சியம் எதையும் மாத்தல" என்பதற்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது. டி.எஸ்.ஹெச் மாறியிருந்தால் டோஸை மாற்றுவார். டி.எஸ்.ஹெச் நன்றாக இருந்து தொல்லை மட்டும் இருந்தால், ஹீமோகுளோபின், வைட்டமின் டி, பி12, சர்க்கரை, தூக்கம், மெனோபாஸ் என்று வேறு பக்கம் தேடுவார். எல்லாம் சரியாக இருந்தால், பழைய பிராண்டுக்கே திரும்பிப் பார்க்கலாம் என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு.

ஆறு வாரம் காத்திருக்கக் கூடாதவர்கள்

நெஞ்சு படபடப்பு, நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், கை நடுக்கம் இருந்தால் நோட்டை மூடிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். மருந்து அதிகமானால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். வயதானவர்களுக்கும் ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்களுக்கும் இது விளையாட்டல்ல. உடம்பில் தடிப்பு, முகம் வீங்குதல் என்றாலும் அப்படியே. வீட்டில் இருக்கும் பெரியவர் வழக்கத்துக்கு மாறாக மந்தமாக, குழப்பமாக, எந்நேரமும் தூங்கிக்கொண்டு இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்.

கர்ப்பிணிகளுக்குக் கணக்கே வேறு. கர்ப்பம் உறுதியானதுமே மருந்தின் தேவை பொதுவாகக் கூடும். முதல் பாதியில் நான்கு வாரத்துக்கு ஒரு முறை டி.எஸ்.ஹெச் பார்ப்பார்கள். குழந்தையின் மூளை வளர்ச்சி முதல் மாதங்களில் தாயின் ஹார்மோனை நம்பித்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் 'புது மாத்திரை ஒத்துக்கல' என்று டாக்டரிடம் சொல்லாமல் நாலு நாள் நிறுத்திப் பார்ப்பது கூடவே கூடாது. திட்டமிட்டு பிராண்டு மாற்றுவதாக இருந்தாலும் பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள்.

புதிய மாத்திரையால்தான் தொல்லை என்று சந்தேகம் வலுத்தால், அதைப் புகாராகவும் பதிவு செய்யலாம். மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டம் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தர ஆணையத்தின் கீழ் இயங்குகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில், டாக்டர் மட்டுமின்றி நோயாளியோ வீட்டில் உள்ளவரோ அழைத்துச் சொல்லலாம். மருந்தின் பெயர், பேட்ச் எண், எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எப்போது என்ன ஆனது என்று கேட்பார்கள். பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டாலும், லேபிள் போட்டோவும் நோட்டும் இருந்தால் இதற்கெல்லாம் பதில் சொல்லிவிடலாம்.